சிறுகதையை எந்த எழுத்தில் தேடுவது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து, அதுவும் பீடோங், குரூண், சுங்கைப்பட்டாணி பக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன. இடுபணி கொடுக்கிற மாதம் போலிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே தலைவலி: கதை கையில் இருக்கிறது, அந்தக் கதையைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்பது கிடைக்கவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இந்த முறை இதை மட்டும் பேசிவிடுகிறேன். கல்லூரி நூலகத்தில் 27 வருடம் வேலை பார்த்தவள் நான், எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம் இது.

*

கேள்வி: டீச்சர், நான் தமிழ் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தோட்டப்புற வாழ்க்கையைச் சொல்லும் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் பற்றி இடுபணி. குறைந்தது ஐந்து திறனாய்வு மூலங்கள் காட்ட வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். கல்லூரி நூலகக் கணினியில் எத்தனை தடவை தேடினாலும் பதிவு இல்லை என்றுதான் வருகிறது. நம் எழுத்தாளர்களைப் பற்றி யாருமே எழுதவில்லையா? நான் தேடின திரையின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.
— மாணவி, பீடோங்

பதில்: படத்தை அனுப்பியது நல்லதாயிற்று, தங்கச்சி. பார்த்தவுடன் விஷயம் புரிந்துவிட்டது. சிறுகதை என்பதை நீங்கள் எஸ், ஐ, ஆர், யு, கே, ஏ, டி, எச், ஏ, ஐ என்று தட்டியிருக்கிறீர்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நாம் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம், அதில் தப்பில்லை. ஆனால் நூலகம் அப்படி எழுதுவதில்லை. உலகத்தில் பெரிய நூலகங்கள் பலவும் தமிழ்ப் புத்தகத்தின் பெயரை ரோமன் எழுத்தில் பதியும்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பின்பற்றும் முறையைப் பின்பற்றுகின்றன. அந்த முறை காதுக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்க்காது, தமிழில் என்ன எழுத்து இருக்கிறது என்றுதான் பார்க்கும். ச என்றால் எங்கே வந்தாலும் 'சி' என்ற ஆங்கில எழுத்து. த என்றால் வெறும் டி (t), பக்கத்தில் எச் கிடையாது. க எப்போதும் கே (k), ப எப்போதும் பி (p), நடுவில் மெலிந்து ஒலித்தாலும் ஜி (g), பி (b) என்று மாறாது. ழவுக்கு எல் எழுத்தின் அடியில் ஒரு கோடு, தேடும்போது வெறும் எல் போட்டால் போதும். ஆகச் சிறுகதை என்பது சி, ஐ, ஆர், யு, கே, ஏ, டி, ஏ, ஐ. இப்படித் தட்டிப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதைப் பல பேர் கவனிப்பதில்லை. நம் மொழியில் ஒற்று மிகும் அல்லவா, மலேசியத் தமிழ்ச் சிறுகதை என்று எழுதும்போது 'த்', 'ச்' இரண்டும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பட்டியலில் அந்த ஒற்றும் முந்தைய சொல்லோடு ஒட்டியே பதிவாகும், அதாவது தமிழ் என்ற சொல் அங்கே எல் எழுத்தில் முடியாது, அதற்குப் பிறகு ஒரு 'சி' தொங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் முழுத் தலைப்பையும் ஒற்று இல்லாமல் தட்டினால் கணினிக்கு அது வேறு சொல். அதனால் முழுத் தலைப்பைத் தட்டாதீர்கள். ஒரே ஒரு சொல், ஒற்று ஒட்டாத சொல், அதை மட்டும் போடுங்கள். பல நூலகக் கணினிகளில் பாதிச் சொல்லைத் தட்டி நட்சத்திரக் குறி போட்டால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும், அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

நான் மாணவியாக இருந்தபோது கணினி இல்லை, மர இழுப்பறைகளில் அட்டை அட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். தோட்டத்திலிருந்து விடியற்காலை லாரியில் பெரிய சாலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, ஒரு பெரிய நூலகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி 11 ஆகியிருந்தது. அப்பா பால்வெட்டு முடித்துக் கொடுத்த காசு கைக்குட்டையில் முடிந்து இருந்தது. எஸ் என்று எழுதின இழுப்பறையை இழுத்து, ஒவ்வோர் அட்டையாகத் தள்ளித் தள்ளி இரண்டு மணி நேரம் பார்த்தேன். சிறுகதை என்று ஒன்றுகூட இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றபோது, கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி எழுந்து வந்து, "அடிக், சுபா தெங்ஙோக் ஹுருஃப் சி" (தங்கச்சி, சி எழுத்தைப் பாருங்கள்) என்றார். சி இழுப்பறையை அவரே இழுத்துக் காட்டினார். ஒரு விரல் அகலத்துக்குச் சிறுகதை அட்டைகள் நின்றன. அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் தமிழை அந்த நூலகம் எப்படி எழுதி வைத்திருக்கிறது என்பது தெரிந்திருந்தது. நூலகர் என்றால் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இந்த வேலைக்கு நான் வந்ததும் அதனால்தான்.

சரி, உங்கள் தேடலுக்கு வருவோம். திறனாய்வு, விமர்சனம், ஆய்வு, மதிப்புரை, நோக்கு, பார்வை என்று நம்மவர்கள் ஒரே காரியத்துக்குப் பல பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். திறனாய்வுக்கு டி, ஐ, ஆர், ஏ, என், ஏ, ஒய், வி, யு. விமர்சனத்தில் நடுவில் எஸ் வராது, சிதான் வரும். உள்ளூர்க் கல்லூரி நூலகங்களில் பழைய பதிவுகள் இந்த முறைப்படி இல்லாமல் அட்டையில் அச்சான ரோமன் எழுத்துப்படியே இருப்பதும் உண்டு, அதனால் உங்கள் புலனத்து எழுத்தையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள், இரண்டையும் செய்தால் தப்பாது.

ஒரே ஒரு புத்தகம் கிடைத்துவிட்டால் அதன் முழுப் பதிவைத் திறந்து, பொருள் தலைப்பு என்ற இடத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பதியும் நூலகத்தில் 'தமிழ் ஃபிக்‌ஷன்' என்று போட்டுப் பக்கத்தில் 'ஹிஸ்டரி அண்ட் கிரிட்டிசிஸம்' என்று இருக்கும், மலாயில் பதியும் நூலகத்தில் 'செஜாரா டான் கிரித்திக்கான்'. அந்த வரியைச் சொடுக்கினால் அதே பொருளில் அந்த நூலகத்தில் உள்ள எல்லாப் புத்தகங்களும் வரிசையாக வந்து நிற்கும். எழுத்துக்கூட்டல் தொல்லை அதோடு முடிந்தது. எனக்குத் தெரிந்து மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிற வழி இது, மிக அதிகமாகப் பயன் தருவதும் இதுதான்.

அப்புறம் கணினியை விட்டு எழுந்து அலமாரிக்குப் போங்கள். டியூவி எண்முறை வைத்திருக்கிற நூலகத்தில் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணில் இருக்கும், காங்கிரஸ் நூலக முறை என்றால் பி, எல் என்ற இரண்டு எழுத்துக்குப் பின் 4758. இரண்டு முறையிலும் ஓர் எழுத்தாளரைப் பற்றிய திறனாய்வு அவருடைய கதைகளுக்குப் பக்கத்திலேயே நிற்கும். நீங்கள் எடுத்த கதைத் தொகுப்பின் இடத்தில் நின்று இரண்டு பக்கமும் ஒரு முழம் பாருங்கள்.

பட்டியலில் தெரியாத பெரிய புதையல் ஒன்று உண்டு, கட்டுரைத் தொகுப்புகள். உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் 1966இல் முதன்முதலாக நடந்தது, தனிநாயகம் அடிகளார் முன்னின்று நடத்தினார். பிறகு 1987இலும் 2015இலும் அங்கேயே நடந்தது. இப்படி மாநாட்டுத் தொகுதிகள், சங்க ஆண்டுமலர்கள், பாராட்டு மலர்கள் எல்லாவற்றிலும் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் நூலகப் பட்டியல் தொகுதியின் பெயரை மட்டும்தான் பதியும், உள்ளே இருக்கிற 50 கட்டுரையின் பெயரைப் பதியாது. கணினி இல்லை என்று சொல்கிற கட்டுரை நீங்கள் சாய்ந்து நிற்கிற அலமாரியிலேயே இருக்கலாம். ஆகத் தடித்த தொகுதி எதைக் கண்டாலும் பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள், இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

ஆய்வேடுகளும் முக்கியம். மலாயாப் பல்கலைக்கழகம், உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்), அறிவியல் பல்கலைக்கழகம் மூன்றும் தங்கள் மாணவர்களின் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கின்றன, பலவற்றை முழுதாகவே இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற களஞ்சியத்தில் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். அங்கே போனவுடன் முதல் இயலைத் திறக்காமல் கடைசிக் கோப்பைத் திறங்கள். துணைநூற்பட்டியல் அதில்தான் இருக்கும். உங்களுக்கு முன்னால் ஒருவர் மூன்று நான்கு வருடம் அலைந்து திரட்டிய பட்டியல் அது, அதிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒரு மாத வேலை மிச்சம்.

இரண்டு நூல்களின் பெயரை மட்டும் சொல்கிறேன், நூலகரிடம் கேட்கும்போது உதவும். இராம. சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா', மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல். அது திறனாய்வு நூல் இல்லை, ஆனால் எந்தக் காலத்தில் எந்த இதழ் வந்தது என்று அது சொல்லும். திறனாய்வு முதலில் இதழில்தானே வரும். இன்னொன்று, 1930 முதல் 1980 வரையிலான மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைப் பற்றி ந. பாலபாஸ்கரன் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு. உங்கள் தலைப்புக்கு நேராகப் பொருந்துகிற ஒன்று.

பத்திரிகையை மறந்துவிடாதீர்கள். 1924இல் தொடங்கி 2019 வரை வந்த தமிழ் நேசனிலும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசிலும் எத்தனையோ விமர்சனமும் மறுப்பும் பதிலுமாக வந்திருக்கின்றன. 1950இல் தமிழ் நேசன் கதை வகுப்பு என்றே ஒன்று நடத்தியது, எழுதுகிறவர்களுக்குக் கதையை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கட்டுவது என்று பத்திரிகையிலேயே பாடம். பிறகு கு. அழகிரிசாமி அங்கே ஆசிரியராக வந்து சில வருடம் இருந்தார். நம் நாட்டுத் திறனாய்வின் வேர் அங்கே இருக்கிறது. பழைய தமிழ் முரசு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தளத்தில் தேதிவாரியாக இருக்கிறது. ஒரு கதை வந்த தேதி தெரிந்தால் அதற்கு அடுத்த நான்கைந்து வாரங்களைப் புரட்டிப் பாருங்கள், வாசகர் கடிதங்களில் அந்தக் கதையைப் பற்றிச் சண்டையே நடந்திருக்கும். வல்லினம் போன்ற இணைய இதழ்களில் இன்றைக்கு எழுதுகிறவர்களையும் சேர்த்துப் படியுங்கள்.

ஐந்து மூலம் கேட்டார்கள் என்று சொன்னீர்கள். இதையெல்லாம் செய்தால் 15 கிடைக்கும், அதில் ஐந்தைப் பொறுக்குவதுதான் உங்களுக்கு வேலையாக இருக்கும். பொறுக்கும்போது உங்களோடு ஒத்துப்போகாத ஒன்றையாவது எடுங்கள். தோட்டக் கதைகள் எல்லாம் ஒரே அழுகை என்று ஒருவர் எழுதியிருந்தால் அவரை விட்டுவிடாமல், நீங்கள் படித்த கதையின் வரிகளைக் காட்டி அவருக்குப் பதில் சொல்லுங்கள். இடுபணிக்கு உயிர் வருகிற இடம் அதுதான்.

*

கேள்வி: அம்மா, நான் ஆறாம் படிவம். எங்கள் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் பற்றித் தேடினால் ஆங்கிலத்தில் கட்டுரைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. அதே ஊரில் பிறந்த ரெ. கார்த்திகேசு பற்றி அந்தத் தளங்களில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் உலக அளவில் தமிழ் எழுத்தாளர்கள் கணக்கிலேயே இல்லையா?
— மாணவன், குரூண்

பதில்: தம்பி, உங்கள் கேள்வி எனக்கு வலிக்கவும் செய்தது, சந்தோஷமாகவும் இருந்தது. 1940இல் பிறந்தவர் கார்த்திகேசு, 1942இல் பிறந்தவர் மணியம், ஒரே சின்ன ஊர், சுற்றிலும் ரப்பர். ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார், ஒருவர் தமிழில் எழுதினார். மணியம் 1981இல் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்' நாவலைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள், அதைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் ஆங்கில ஆய்விதழ்களில் வருகின்றன. அந்த இதழ்களைத்தான் ஜேஸ்டோர் போன்ற தரவுத்தளங்கள் சேர்த்து வைத்திருக்கின்றன. தமிழ் இதழ்கள் பெரும்பாலும் அங்கே சேர்க்கப்படவில்லை. ஒரு வலை எந்தக் கடலில் வீசப்பட்டதோ அந்தக் கடல் மீன்தான் அதில் வரும், இன்னொரு கடலில் மீனே இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கார்த்திகேசுவை அவர் ஆங்கிலத்தில் எழுதின எழுத்துப்படி தேடினால் வேறொரு வேடிக்கை நடக்கும், மலேசியத் தொலைக்காட்சியின் வரலாறு பற்றி அவர் மலாயில் எழுதிய ஆய்வு நூல் வந்து நிற்கும். அவர் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தொடர்பியல் பேராசிரியராக இருந்தவர் அல்லவா. நாவலாசிரியர் கார்த்திகேசு வேண்டுமென்றால் கே, ஏ, ஆர், டி, டி, ஐ, கே, இ, சி, யு என்று போட வேண்டும். ஒரே மனிதர், பட்டியலில் இரண்டு ஆள். மேலே பீடோங் தங்கச்சிக்குச் சொன்ன பதிலையும் படித்துவிடுங்கள். அவர் தாமே நல்ல விமர்சகர், அவருடைய 'விமர்சன முகம்' தொகுப்பைத் தேடி எடுத்தால் மற்ற எழுத்தாளர்களைப் பற்றிய மூலமாகவும் அது உங்களுக்கு உதவும்.

மணியம் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளைத் தள்ளிவிட வேண்டாம். தோட்டம், குடியேற்றம், மண்ணில் வேர் பிடிக்கிறதா இல்லையா என்கிற தவிப்பு, இவற்றைப் பற்றி அவர்கள் கேட்கிற கேள்விகளைத் தமிழ் நாவலிடமும் நீங்கள் கேட்கலாம். பதில்தான் வேறாக இருக்கும், ஏனென்றால் லயத்துத் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புத்) தமிழ் ஆங்கில நாவலுக்குள் மொழிபெயர்ந்து வருகிறது, தமிழ் நாவலில் அப்படியே வருகிறது. அந்த வித்தியாசத்தைப் பற்றி எழுதுங்களேன், நான் படிக்கக் காத்திருக்கிறேன். ஜேஸ்டோரில் இலவசமாகக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், ஆறாம் படிவ மாணவருக்கு அது தாராளம்.

*

கேள்வி: இடுபணிக்கு ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் திறனாய்வுக் கட்டுரைகள் கேட்டேன். ஐந்து கட்டுரை, ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுத்தது. நூலகத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நூலகத்தில் குறையா, நான் தேடினதில் குறையா?
— மாணவன், சுங்கைப்பட்டாணி

பதில்: இரண்டிலும் குறை இல்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். இரண்டாவது வரியில் 'எழுத்து' இதழ், 1984 என்று இருக்கிறது. சி. சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970இல் நின்றுவிட்டது. நின்றுபோய் 14 வருடம் கழித்து அதில் கட்டுரை எப்படி வரும்? நான்காவது வரியில் ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதி 1991இல் எழுதினதாக ஒரு கட்டுரை, அவர் 1982இலேயே காலமாகிவிட்டார். பெயர்கள் நிஜம், இதழ் நிஜம், கட்டுரை மட்டும் இல்லாத கட்டுரை. அந்தச் செயலிகள் நிஜம்போலத் தெரிகிற வரியைக் கட்டிக் கொடுத்துவிடும், நூலகத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதில்லை.

இதில் எனக்குக் கவலை என்னவென்றால், தமிழில்தான் இது அதிகம் மாட்டிக்கொள்ளாமல் போய்விடும். ஆங்கிலக் கட்டுரை என்றால் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம், தமிழ்க் கட்டுரை இணையத்தில் இல்லாதது சகஜம் என்பதால் எங்கேயோ இருக்கும் என்று விரிவுரையாளரும் விட்டுவிடக்கூடும். அடுத்த வருடம் இன்னொரு மாணவர் உங்கள் இடுபணியைப் பார்த்து அதே பொய்க் கட்டுரையை மேற்கோள் காட்டுவார். ஏற்கெனவே மெலிந்து கிடக்கிற நம் திறனாய்வு வரலாற்றில் இல்லாத கட்டுரைகளும் நுழைந்துவிட்டால் பிறகு யார் பிரித்தெடுப்பது?

செயலியிடம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, எந்தக் கோணத்தில் யோசிக்கலாம் என்று கேளுங்கள். ஆனால் மூலம் என்று எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் இதழ் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வந்தது என்று பாருங்கள், பிறகு எழுத்தாளர் எந்தக் காலத்தவர் என்று பாருங்கள். பாதிப் பொய் அங்கேயே உதிர்ந்துவிடும். பழைய இதழ்களைத் தேட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் என்ற இணையக் களஞ்சியமும் இருக்கின்றன.

*

கேள்வி: கதைத் தொகுப்பில் இருக்கிற அணிந்துரையைத் திறனாய்வு என்று காட்டலாமா?
— வாசகி, பீடோங்

பதில்: காட்டலாம், அணிந்துரை என்று சொல்லியே காட்டுங்கள். நண்பர் நண்பருக்கு எழுதுகிற பாராட்டாகத்தான் முக்கால்வாசி இருக்கும், ஆனால் சில அணிந்துரைகளில் நடுவில் ஒரு பத்தி அசலான விமர்சனமாக வந்துவிடும், அந்தப் பத்தியை எடுங்கள். போட்டிக் கதைத் தொகுப்பு என்றால் நடுவர் உரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கதைக்கு ஏன் பரிசு, இன்னொன்றுக்கு ஏன் இல்லை என்று நடுவர் சொல்லும் காரணம் அந்தக் காலத்து ரசனையைக் காட்டும்.

*

கேள்வி: ஒருவர் பழைய ஆய்வேடுகளின் பிரதி தருகிறேன், ஒன்றுக்கு 150 வெள்ளி என்கிறார். வாங்கலாமா?
— மாணவி, சுங்கைப்பட்டாணி

பதில்: வேண்டாம். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சும்மா கிடைக்கிற கோப்பை உங்களுக்கே விற்கிறார்கள். ஆய்வேட்டின் தலைப்பை நூலகரிடம் எழுதிக் கொடுங்கள், அவர் எடுத்துத் தருவார்.

*

கேள்வி: அம்மா, நான் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் மகள் கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். புத்தகம் பார்க்க வாராவாரம் பினாங்கு போக வேண்டும் என்கிறாள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டுப்படியாகவில்லை. போக வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. இங்கேயே ஏதும் வழி இருக்கிறதா? எனக்குப் படிப்பு அதிகம் இல்லை, தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.
— ஒரு தகப்பனார், பீடோங்

பதில்: ஐயா, இதில் மன்னிக்க என்ன இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது கைக்குட்டையில் காசு முடிந்து கொடுத்த என் அப்பாதான் கண் முன்னால் வந்தார்.

வழி இருக்கிறது. கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களுக்குள் நூலகங்களுக்கு இடையிலான இரவல் என்று ஓர் ஏற்பாடு உண்டு, மலாயில் பிஞ்சாமான் அந்தாரா பெர்புஸ்தாக்கான் என்பார்கள். மகள் படிக்கிற கல்லூரி நூலகக் கவுண்டரில் அதற்கான பாரத்தைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தால், அவர்களிடம் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். முழுப் புத்தகம் வேண்டாம், ஒரு கட்டுரை போதும் என்றால் அந்தப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கட்டணம் நூலகத்துக்கு நூலகம் மாறும், பாரத்தைக் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், எப்படியும் பினாங்குப் பயணத்தின் அலைச்சல் இல்லை. நான் கவுண்டரில் இருந்த வருடங்களில் இந்தப் பாரத்தைக் கேட்டு வந்த தமிழ் மாணவர்களை விரல் விட்டு எண்ணலாம், இப்படி ஒன்று இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

பாரத்தில் புத்தகத்தின் பெயரை எப்படி எழுதுவது என்பதுதான் சிக்கல். தமிழில் ஒரு தடவை, பட்டியலில் இருக்கிற ரோமன் எழுத்தில் ஒரு தடவை, இரண்டும் எழுதச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தின் முதல் பதிலை அவளிடம் காட்டுங்கள், எழுத்து முறை அதில் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, மலேசியாவில் அச்சாகிற ஒவ்வொரு நூலிலும் ஐந்து பிரதியைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும், தமிழ் நூலுக்கும் அதே சட்டம்தான். அதனால் அந்தச் சட்டத்துக்குப் பின் வந்த உள்ளூர் நூல் எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் தேசிய நூலகப் பட்டியலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வாராவாரம் போக வேண்டியதில்லை என்றாலும், பருவத்துக்கு ஒரு தடவையாவது அவளைப் போக விடுங்கள் ஐயா. அலமாரி முன்னால் நின்று புரட்டுவதற்கு ஈடு கிடையாது. போவதற்கு முதல் வாரமே அந்த நூலகத்துக்குத் தொலைபேசி செய்து, வெளி மாணவரை உள்ளே விடுவார்களா, எந்தக் கிழமை, என்ன அடையாள அட்டை வேண்டும் என்று கேட்டுக்கொள்ளட்டும். வேண்டிய புத்தகங்களின் அலமாரி எண்ணை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் ஒரே நாளில் பத்துப் புத்தகம் பார்த்துவிட்டு மாலை பஸ்ஸுக்குத் திரும்பலாம். முடிந்தால் நீங்களும் ஒரு தடவை கூடப் போய்வாருங்கள். நீங்கள் வேலை செய்த தோட்டத்தைப் போன்ற தோட்டங்களைப் பற்றி எழுதின கதைகள் அங்கே 894.811 எண் அலமாரியில் இருக்கின்றன, மகள் குறிப்பெடுக்கிற நேரத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கலாம்.